சாமியை விற்கலாம்

பாட்டியின் கருமக்கிரியை முடிந்த வாரமே நம் குடும்பங்களில் ஒரு சண்டை கிளம்பும்: சாமி படங்களை என்ன செய்வது? தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கும், அங்கிருந்து அடுக்குமாடிக்கும் கூடவே வந்த பழைய லட்சுமி, சரஸ்வதி படங்கள். "பழைய சாமான் வாங்குறவன் நல்ல விலை தர்றானாம்" என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "சாமியைப் போய் விப்பியா?" என்று பெரியப்பா எகிறுவார். சரி, நீங்களே எடுத்துட்டுப் போங்க என்றால் அவர் வீட்டுச் சுவரில் இடம் இருக்காது. கடைசியில் படம் அரச மரத்தடிக்குப் போகும். நாலு மழையில் கதை முடிந்துவிடும்.

விற்றால் பாவம், மழையில் போட்டால் பக்தி. என்ன கணக்கு இது?

இந்தப் படங்கள் பிறந்ததே விற்பனைக்காகத்தான். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மன் இயந்திரங்கள், ஜெர்மன் தொழில்நுட்பாளர்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடித்தார்கள். கடன் ஏறியபோது அச்சகத்தையே ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியருக்கு விற்றார்கள். கோயிலுக்குள் விடப்படாதவர்களின் சுவருக்கும் சாமி வந்து சேர்ந்தது இந்த வியாபாரத்தால்தான். பின்னர் கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் சாமிகளும் காலண்டர்களாக வீடு வீடாகப் போனார்கள். காசு கொடுத்து வாங்கியதைக் காசுக்குக் கொடுத்தால் சாமிக்கு என்ன குறை?

நம் இலக்கிய நண்பர்கள் வேறு ரகம். "நம்ம வரலாறுங்க, விக்கக்கூடாது" என்பார்கள். அந்த வரலாறு ஸ்டோர் ரூமில் கிடக்கும். சட்டத்தின் பின்னால் அடித்த பலகையின் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும். நம்ம ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் வரும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

'ரவிவர்மா' என்றதும் கோடிக் கனவு காண்பவர்களுக்கும் ஒன்று. கோடிகளுக்கு ஏலம் போவது அவர் கையால் தீட்டிய ஓவியம். உங்களிடம் இருப்பது அச்சுப்படம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்காக வரிசைகட்டி நின்றால் பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பு. தாறுமாறாகச் சிதறியிருந்தால் கல்லச்சாக இருக்கலாம்.

உண்மையில் அரிய சமாச்சாரம் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. சட்டம் போட்ட கடையின் சீட்டு, பென்சிலில் யாரோ கிறுக்கிய பிள்ளை பிறந்த தேதி, தோட்டத்தின் பெயர். லட்சுமிக்குப் பிரதிகள் ஏராளம். இந்தக் கிறுக்கலுக்கு ஒன்றுகூட இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு, நாம் அங்கே வாழ்ந்ததற்கு நம் கையெழுத்தில் எத்தனை காகிதம் மிச்சம்? புதுச் சட்டம் போடும் வியாபாரி முதலில் கழற்றி எறிவது இந்தப் பின்பலகையைத்தான். அதற்காகச் சண்டை போடும் பெரியப்பாவை நான் இதுவரை பார்த்ததில்லை.

மாட்டப் போகிறவர் இருந்தால் கொடுங்கள். இல்லையா, விற்றுவிடுங்கள். அதற்கு முன்னால் முன்னும் பின்னும் படமெடுங்கள். சீட்டையும் பலகையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். யார் வாங்கியது, எந்தத் தோட்டத்து வீட்டில் தொங்கியது என்று அத்தையிடம் கேட்டு எழுதுங்கள். அதை அத்தை இருக்கும்போதே செய்யுங்கள்.