மூன்றாவது எட்டு மணி

“வாழ்க்கையில் ஒரு லட்சியம் வை! இரவு பகல் பாராமல் உழை! உயர்ந்துவிடுவாய்!”

இப்போது நாலா பக்கமும் இந்த உபதேசம்தான். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இதைச் சொல்கிறார்கள். மில் ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கைபேசியைத் திறந்தால் அதிலும் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு இதையே ஓதுகிறார்.

உபதேசத்தோடு நிற்கவில்லை. 2023ஆம் வருஷம் பெரிய மென்பொருள் கம்பெனி ஒன்றை நிறுவியவர், இந்த நாட்டு இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் பெரிய கட்டுமானக் கம்பெனி ஒன்றின் தலைவர் பேசியது வெளியே வந்தது. அவருக்கு 70 போதவில்லை. 90 மணி வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். வீட்டிலே உட்கார்ந்து பெண்டாட்டி முகத்தை எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் தோழர்களே, இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமா? அந்தப் பேச்சு நம்முடைய வாயிலிருந்தே வர ஆரம்பித்துவிட்டது. அதுதான் ஆபத்து.

“மகளுக்காகத்தானே!”

சமீபத்தில் கோவைப் பக்கத்து நூற்பாலைத் தோழர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். ரிங் பிரேம் பிரிவில் வேலை. ஒன்றரை வருஷமாக நாள்தோறும் ஒன்றரை ஷிப்டு, அதாவது 12 மணி நேரம், பார்த்து வருகிறார். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

“எதற்காக இப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?” என்று கேட்டோம்.

“அஞ்சு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு ஓட்டிட்டா, எம் பொண்ணு நர்ஸாயிருவாளுங்க. அதுதானுங்க தோழர், எனக்கு லட்சியம்” என்றார்.

எவ்வளவு உயர்ந்த லட்சியம்! பஞ்சுத் தூசியை விழுங்கி வாழ்கிற தகப்பன், தன் மகள் வெள்ளை உடுப்புப் போட்டு நோயாளிக்கு மருந்து கொடுப்பதைக் காண ஆசைப்படுகிறான். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

“பொண்ணு எப்படிப் படிக்கிறாள்?” என்று கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “தெரியலீங்க. நான் வரும்போது அவ தூங்கீட்டு இருப்பா. அவ எந்திரிக்கும்போது நான் கிளம்பியிருப்பேன்.”

அவருடைய கண் சிவப்பை விட இந்தப் பதில்தான் நம்மைச் சுட்டது. மகளுக்காக லட்சியம் வைத்த தகப்பனிடமிருந்து, மகளையே பறித்துவிட்டார்களே!

ஒரு சின்னக் கணக்கு

வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். இது அம்பானிக்கும் அவ்வளவுதான், நமக்கும் அவ்வளவுதான். இதை மட்டும் எந்த முதலாளியும் கூட்டிக்கொள்ள முடியவில்லை.

எட்டு மணி வேலை, ஆறு நாள்: 48. மில்லுக்குப் போகவும் வரவும் நாளுக்கு 2 மணி: 12. ஏழு மணித் தூக்கம், ஏழு நாள்: 49. ஆக 109 மணி. மிச்சம் 59 மணி. இதில்தான் குளிப்பது, சாப்பிடுவது, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, கல்யாணம், கருமாதி எல்லாம்.

இப்போது 12 மணி வேலைக்கு வாருங்கள். வேலை 72 மணி ஆகிறது. பயணமும் தூக்கமும் அதேதான். மொத்தம் 133. மிச்சம் 35 மணி. நாளுக்கு வெறும் 5 மணி நேரம்!

இரண்டுக்கும் வித்தியாசம் 24 மணி. அதாவது வாரத்தில் முழுசாக ஒரு நாள் போய்விடுகிறது. வருஷத்துக்கு 52 நாள். ஐந்து வருஷத்துக்கு 260 நாள்! மகளோடு இருந்திருக்க வேண்டிய 260 நாட்களை அந்தத் தோழர் மில் வாசலில் கொட்டுகிறார். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். பல இடங்களில் கைக்கு வருவதோ ஒற்றைச் சம்பளம்தான்.

உடம்பு என்னவாகும்? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைக்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைக்கிறவர்களைக் காட்டிலும் பக்கவாதம் வருகிற அபாயம் 35 சதவீதம் அதிகம். இருதய நோயால் சாகிற அபாயம் 17 சதவீதம் அதிகம். 2016ஆம் வருஷத்தில் மட்டும் உலகம் பூராவும் சுமார் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இந்த நீண்ட நேர வேலையின் விளைவாக மாண்டிருக்கிறார்கள். 70 மணி, 90 மணி என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஏன் சொல்வதில்லை?

எட்டு மணி எப்படி வந்தது?

எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நம் சொந்த வாழ்வுக்கு! இந்தக் கோஷத்தை முதலில் சொன்னவர் யார் தெரியுமா? ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் என்ற ஊரில் நூற்பாலை நடத்திய ராபர்ட் ஓவன். ஆலைக்குள் மனிதர்கள் படும் பாட்டைக் கண்ணால் கண்டு, 1817 வாக்கில் அவர் சொன்னார். 1856ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துக் கல்தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலம் போய் எட்டு மணியைப் பெற்றார்கள். 1886 மே முதல் தேதி அமெரிக்கத் தொழிலாளர்கள் இதே கோரிக்கைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைத் தொடர்ந்த சிகாகோ வழக்கில் 1887 நவம்பர் 11ந் தேதி நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்த மே தினத்தை 1923ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடினார்.

நம் நாட்டில் ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 60 மணி என்று எல்லை வந்தது 1922ல். அது 54 ஆனது 1934ல். 48 ஆனது 1946ல். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் அதை நிலைநிறுத்தியது. 60லிருந்து 48க்கு இறங்க 24 வருஷம் ஆயிற்று! ஒவ்வொரு மணி நேரமும் போராடி வாங்கியது.

வாங்கியதைப் பிடுங்கப் பார்த்ததும் உண்டு. 2023 ஏப்ரல் 21ந் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபையில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன. மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். சட்டத்தில் தோற்றவர்கள் இப்போது உபதேசத்தில் ஜெயிக்கப் பார்க்கிறார்கள். “லட்சியம்” என்று பெயர் வைத்தால் நாமே கையை நீட்டி 12 மணியை வாங்கிக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள்!

யாருடைய லட்சியம்?

ஆகவே லட்சியமே வேண்டாம் என்றா சொல்கிறோம்? இல்லவே இல்லை. லட்சியம் இல்லாத வாழ்க்கை செக்குமாட்டு வாழ்க்கை. ஆனால் எந்த லட்சியத்தையும் ஏற்றுக்கொள்ளுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: இது என்னுடைய லட்சியமா, மற்றவன் என் தலையில் கட்டியதா? சுமங்கலித் திட்டம் நினைவிருக்கிறதா? கிராமத்துக் குடிசைக்கு ஏஜெண்டு வந்தான். “மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை பார். கடைசியில் மொத்தமாகப் பணம். கல்யாணம் ஜாம் ஜாமென்று நடக்கும்” என்றான். பதினைந்து, பதினாறு வயசுப் பெண்கள் நம்பிப் போனார்கள். வெளியே போக அனுமதி இல்லை. நினைத்தபோது வீட்டோடு பேச முடியாது. உடம்பு கெட்டு நடுவிலே திரும்பியவர்களில் பலருக்கு அந்தப் பணமும் இல்லை. அந்த லட்சியத்தை வைத்தது அந்தப் பெண்ணா? ஏஜெண்டு வைத்தான், லாபம் முதலாளிக்கு.

இரண்டாவது கேள்வி: இதற்கு எந்த நாள், எந்த மணி? “படிக்க வேண்டும், தொழில் கற்க வேண்டும்” என்று சொன்னால் போதாது. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஏழு முதல் எட்டு என்று நேரம் குறிக்க வேண்டும். நேரம் குறிக்காத லட்சியம் விதைக்காத வயல்.

மூன்றாவது கேள்வி: இந்த லட்சியத்துக்கு வீட்டில் யார் விலை கொடுக்கிறார்கள்?

இந்த மூன்றாவது கேள்வியில்தான் நம்மில் பலர் தலைகுனிய வேண்டியிருக்கிறது. நடவுக்குப் போகிற ஒரு தாயைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து உலை வைக்கிறாள். பகலெல்லாம் சேற்றில் குனிந்து நிற்கிறாள். இருட்டி வந்து தண்ணீர் எடுக்கிறாள், அடுப்பு மூட்டுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள். அவளுக்கு மூன்றாவது எட்டு மணி எங்கே? இரண்டாவது எட்டு மணியாவது உண்டா? அவளுக்கு ஒரு லட்சியம் உண்டா என்று என்றைக்காவது கேட்டோமா? முதலாளியிடம் எட்டு மணி கேட்கிற நாம், வீட்டிலே பதினாறு மணி வேலை வாங்குகிற முதலாளியாக இருக்கலாமா? தண்ணீர்க் குடத்தை ஆணும் தூக்கட்டும். அது கௌரவக் குறைச்சல் அல்ல. வாழ்க்கைத் துணைக்குச் செலுத்துகிற பழைய பாக்கி!

அந்த ஒரு மணி நேரம் கிடைத்தால் என்ன நடக்கும்? புதுக்கோட்டையைக் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள் வேலை முடிந்து வந்து எழுதப் படிக்கக் கற்றார்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல், யாரையும் கெஞ்சாமல் தாங்களே போய் வந்தார்கள். கல் உடைத்துக் கூலி வாங்கிய பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். உடம்பை உருக்கி இதைச் சாதிக்கவில்லை. தினம் கொஞ்ச நேரம், கூடவே பத்துப் பேர். அவ்வளவுதான்!

நம் பக்கத்துக் குற்றம்

உண்மையை ஒளிக்கக் கூடாது. எட்டு மணிக்கு வெளியே வருகிற தோழர்களில் சிலர் அந்தச் சாயங்காலத்தை நேரே சாராயக் கடைக்குக் கொண்டு போகிறார்கள். சிலர் நடுநிசி வரை கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். சிகாகோவில் தூக்குமேடை ஏறியவர்கள் இதற்காகவா ஏறினார்கள்?

சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஏழு மணிக்குக் கூட்டம் என்று போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கிறோம். ஒருவர் சொன்னதையே நான்கு பேர் திருப்பிச் சொல்கிறோம். பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போகிற தோழருடைய பிள்ளையும் தூங்கிப் போயிருக்கும் அல்லவா? தொழிலாளியின் நேரத்தை முதலாளி திருடினாலும் தவறு, நாம் திருடினாலும் தவறு.

என்ன செய்யலாம்?

பெரிய லட்சியத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். ஆறு மாசத்தில் சம்பளச் சீட்டைத் தானே படித்து, பிராவிடண்டு பிடித்தம் சரியா என்று பார்க்கக் கற்பது ஒரு லட்சியம். மிஷினைத் துடைக்கிறவர் அதைப் பழுது பார்க்கக் கற்பது ஒரு லட்சியம். வாரத்துக்கு மூன்று நாள் பிள்ளையின் நோட்டைத் திறந்து பக்கத்தில் உட்காருவது ஒரு லட்சியம். படிக்கத் தெரியாவிட்டாலும் உட்காரலாம்! அறுப்புக் காலத்தில் விவசாயத் தொழிலாளிக்கு நேரம் இருக்காது. வேலையில்லாத மாசங்களில் கற்பதற்கென்று திட்டம் வையுங்கள். தூக்கத்தை வெட்டி எதையும் தொடங்காதீர்கள்.

“கூலி போதவில்லையே, ஓவர்டைம் பார்க்காமல் மகளை எப்படிப் படிக்க வைப்பது?” என்று அந்தத் தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. எட்டு மணிக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைக்க முடியவில்லை என்றால் குற்றம் தோழருடைய உழைப்பில் இல்லை, கூலியில் இருக்கிறது. தனியாளாகப் பன்னிரண்டாவது மணியை விற்று அதைச் சரிக்கட்ட முடியாது. எல்லோரும் பன்னிரண்டு மணி நின்றால் நாளைக்கு அதுவே வழக்கமாகும். கூலி உயராது, ஆள் குறைப்புத்தான் வரும். ஆகவே ஒவ்வொருவருடைய லட்சியப் பட்டியலிலும் ஒன்று மட்டும் பொதுவாக இருக்க வேண்டும்: எட்டு மணியில் வாழப் போதுமான கூலி! சர்க்கார் கல்லூரியில் நம் பிள்ளைக்கு இடம்!

இதை எல்லாம் அந்தத் தோழரிடம் சொன்னோம். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கடன் இருக்கிறது என்றார். ஆனால் புதன்கிழமையும் சனிக்கிழமையும் எட்டு மணியோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிப் போனார். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம். மகள் விழித்திருக்கும்போது வீட்டுக்குள் நுழைகிற இரண்டு சாயங்காலம்.

தோழர்களே! முதல் எட்டு மணியை முதலாளிக்குக் கொடுக்கிறோம். இரண்டாவது எட்டு மணியை உடம்பு கேட்கிறது. மூன்றாவது எட்டு மணி மட்டுமே நம்முடையது. அதை விற்காதீர்கள்! வீணாக்காதீர்கள்! வீட்டில் இருக்கிறவளிடமிருந்து பறிக்காதீர்கள்! நம்முடைய லட்சியங்கள் முளைக்கிற வயல் அது ஒன்றுதான்.