மருந்தின்றிப் பிழைத்த தேனீக்கள்: நோர்வேயும் மார்த்தாண்டமும்

ஒஸ்லோவின் வடகிழக்கு விளிம்பில், தமிழர்கள் கணிசமாக வாழும் குரூருட் பள்ளத்தாக்கில் உள்ளது ஹவுகன்ஸ்டுவா. இப்பகுதி அடங்கும் கிழக்கு நோர்வேயில், வரோவா உண்ணிக்கு மருந்தே இடப்படாத தேனீக் கூட்டங்கள் 17 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிழைத்து வந்ததை 2017இல் வெளியான ஆய்வொன்று பதிவு செய்தது.

இது சாதாரண செய்தியல்ல. ஆசியத் தேனீயிடமிருந்து ஐரோப்பியத் தேனீக்குத் தாவிய இந்த உண்ணி, மூடிய அறைகளுக்குள் கூட்டுப்புழுவை உண்டு பெருகுகிறது. அது கடத்தும் இறக்கை உருக்குலைவு வைரஸ் இன்னும் கொடியது. பறக்க இயலாத தேனீக்கள் பிறப்பதால், மருந்திடாத கூட்டம் பொதுவாகச் சில ஆண்டுகளில் அழிந்துவிடும். பிழைத்த நோர்வேத் தேனீக்களோ அறைகளின் மெழுகு மூடியைத் திறந்து, மீண்டும் மூடுகின்றன. இதனால் உண்ணியின் இனப்பெருக்கம் குலைவதாக 2018இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் கண்டது வேறு. அங்கு வளர்க்கப்படும் இந்தியத் தேனீ இந்த உண்ணியுடன் நெடுங்காலமாகவே வாழப் பழகியது. ஆனால் 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் வைரஸ், புழுக்களை நீர் நிறைந்த பைகளாக்கிப் பெரும்பாலான கூட்டங்களை அழித்தது. ரப்பர் தோட்டத் தேனை நம்பிய குடும்பங்களிடம் வெற்றுப் பெட்டிகளே எஞ்சின. தப்பிய கூட்டங்களைப் பெருக்கியே தொழில் மீண்டது.

இரு இடங்களிலும் பிழைத்தவற்றின் சந்ததியே நிலைத்தது என்பது உண்மையே. எனினும் இரண்டையும் ஒன்றாகக் கருத முடியாது. நோர்வே வளர்ப்பாளர்கள் மருந்தைத் தாமாகவே கைவிட்டனர். சாக்புரூட் வைரஸுக்கோ கைவிடுவதற்கு மருந்தே இருக்கவில்லை. அந்த இழப்பைச் சுமந்தவர்கள் குமரியின் சிறு வளர்ப்பாளர்கள்.