குழைத்த மாவும் கொஞ்சம் சீனியும்

சென்ற மார்கழியில் கிளிநொச்சியிலுள்ள உறவினர் வீடொன்றில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அதே வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்து பெண்மணி ஒருவரும் பிள்ளைகளோடு வந்திருந்தார். ஒரு நாட் பின்னேரம், தேநீரோடு பிள்ளைகளுக்கு இனிப்பாக ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று எண்ணியவர், குழைத்து மடித்து உறைநிலையில் விற்கப்படும் பேஸ்ட்ரி மாப் பொதி இங்கு கிடைக்குமா என விசாரித்தார். பொதியைப் பிரித்து, சீனியும் கறுவாத்தூளும் தூவி, சுருட்டி வெட்டிப் போறணைக்குள் வைத்தால் இருபது நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும் என்றார்.

வீட்டின் மூத்த அம்மா முகத்தைச் சுளித்தார். "கடையிலை குழைச்ச மாவை வாங்கிப் பலகாரம் சுடுகிறதோ? பிறகு எங்கடை கைக்கு என்ன வேலை, பிள்ளை?"

மருமகள் ஒன்றும் பேசவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தியிலிருந்த பேக்கரிக்குப் போனார். "அண்ணை, பாண் போடுற மாவிலை ஒரு கிலோ நிறுத்துத் தாங்கோ" என்று கேட்டிருக்கிறார். பேக்கரிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். பாண் கேட்டு வருவார்கள், பணிஸ் கேட்டு வருவார்கள், மாவாகவே கேட்டு வந்தவர் இவர்தானாம். என்றாலும் நிறுத்துக் கொடுத்தார். அன்று மாலை அந்த மாவிலிருந்து வந்த பதினைந்து சீனிச் சுருளும் பத்து நிமிடத்தில் முடிந்தன. மூத்த அம்மா இரண்டு சாப்பிட்டார். நான் எண்ணியதை அவர் கவனிக்கவில்லை.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகையில் போரையும் பேச்சுவார்த்தையையும் எழுதிய கை, பணிசுக்கு வந்துவிட்டதே என்று நண்பர் ஒருவர் ஏற்கெனவே கேலி செய்துவிட்டார். வன்னியில் கோதுமை மாவும் சீனியும் ஒருகாலமும் வெறும் சமையற்பொருட்களாக இருந்ததில்லை என்பதை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

1990 இல் போர் மீண்டும் தொடங்கியதிலிருந்து 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகும் காலம்வரை, வடக்கின் பெரும்பகுதி ஏதோ ஒரு வடிவத்தில் பொருளாதாரத் தடையின் கீழ் இருந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா போன்றவை தடைப்பட்டிருந்தன. மாவும் சீனியும் அனுமதி பெற்ற லொறிகளில், அதிகாரிகள் வரையறுத்த அளவில் வந்தன. 1996 இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமான பின்பு மல்லாவியும் புதுக்குடியிருப்புமே வன்னியின் கடைத்தெருக்கள். இளம் நிருபராக மல்லாவியில் நான் கண்ட பேக்கரிகளின் முன்னால் விடியலிலேயே சைக்கிள்கள் நிற்கும். மா வந்த நாட்களில் பாண் உண்டு. வராத நாட்களில் போறணை ஆறிக் கிடக்கும். சீனி இல்லாத வீடுகளில் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தார்கள். பணிஸ் என்பது அக்காலத்தில் காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தேடி வாங்கும் பண்டம்.

இந்த இடத்தில் ஒரு புவியியல் வேடிக்கையையும் சொல்லவேண்டும். இலங்கையில் வர்த்தக அளவில் கோதுமை விளைவதில்லை. தானியம் முழுவதும் கப்பலில் வருகிறது. அதை அரைக்கும் பிறிமா ஆலை 1980 முதல் இயங்குவது திருகோணமலைச் சீனன்குடாவில். அதே கரையில் வடக்கே போனால் முல்லைத்தீவு. நாடு முழுவதற்கும் மா அரைக்கும் ஆலைக்கு இவ்வளவு அருகிலிருந்த மக்களே அந்த மாவுக்காக வருடக்கணக்கில் அனுமதிச் சீட்டுகளை எதிர்பார்த்திருந்தார்கள்.

2009 இன் முதல் மாதங்களைப் பற்றி இங்கே விரித்து எழுதப் போவதில்லை. கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அதன்பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நிவாரணமாகக் கிடைத்தவற்றுள் கோதுமை மாவும் இருந்தது. ஈஸ்ற்றும் இல்லை, போறணையும் இல்லை. வாழைப்பழம் கிடைத்த நாளில் மாவோடு பிசைந்து கொஞ்சம் சீனி சேர்த்து வாய்ப்பன் சுட்டதை அங்கிருந்த உறவினர் ஒருவர் இன்றும் பெருமையாகச் சொல்வார். முதல் வாய்ப்பனைத் தன் பிள்ளைக்குக் கொடுக்காமல் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைக்குக் கொடுத்ததாக அவர் சொல்லும்போது குரல் மாறும்.

ஆகவே வன்னியில் ஒரு பெண் பேக்கரிக்குப் போய், காசு கொடுத்து, ஒரு கிலோ குழைத்த மா வாங்கி வருவதைச் சோம்பலின் அடையாளமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. சொல்லப்போனால், இந்த வழியை இன்னும் பல பெண்கள் பின்பற்றவேண்டும் என்பதே என் கட்சி.

கைவேலை குறைந்தால் சமையலின் தரம் குறைந்துவிடும் என்பது பழைய வாதம். தமிழகத்தில் இட்லி மாவைக் கடையில் வாங்குவதை ஒரு காலத்தில் இப்படித்தான் பழித்தார்கள். இன்று சென்னையில் மா விற்காத தெருவைக் காண்பது அரிது. அமெரிக்காவில் கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரைச் சேர்ந்த லைவ்லி வில்லபி என்ற பேக்கரிக்காரர், குழைத்த மாவைக் குழாயில் அடைத்துக் குளிரில் வைத்து விற்கும் முறைக்கு 1931 இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். மொறோக்கோவில் இதற்கு நேரெதிரான வழக்கம் ஒன்று உண்டு. மாவைப் பெண்கள் வீட்டில் குழைத்து, தெருவுக்குப் பொதுவான போறணைக்கு அனுப்பிச் சுட்டு எடுப்பார்கள். மாவை வாங்கலாம், போறணையை இரவல் பெறலாம். பலகாரத்தின் இனிப்பும் உள்ளீடும் வடிவமும் செய்பவரின் கையில்தான் இருக்கின்றன.

செய்முறையைச் சொல்லாமல் விட்டால் பெண் வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். (ஆண்களும் செய்யலாம். நான் செய்து பார்த்தேன்.) பேக்கரியின் பாண் மாவில் கொழுப்பும் சீனியும் மிகக் குறைவு. எனவே அதை அப்படியே சுட்டால் இனிப்புத் தடவிய பாணாகத்தான் வரும். மாவைப் பலகையில் பரப்பி, ஒரு கிலோவுக்கு நூறு கிராம் அளவில் மாஜரீனைத் தடவி, இரண்டு முறை மடித்துத் தட்டினால் மென்மை வரும். அதன்மேல் சீனியைத் தூவலாம். என் தெரிவு வேறு. துருவிய தேங்காய்ப்பூவைப் பனங்கட்டியோடு சட்டியில் கிளறி ஏலக்காய் போட்டு ஆறவிட்டால் நல்ல உள்ளீடு. வறுத்த பயற்றம்மாவை அதனோடு சேர்த்தால் பயற்றம்பணியாரத்தின் உள்ளடக்கம் பணிசுக்குள் வந்துவிடும். முறிகண்டியில் வண்டியை நிறுத்திப் பிள்ளையாரைக் கும்பிட்டு வாங்கும் கச்சானை இடித்துப் போட்டாலும் பழுதில்லை. சுருட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கவேண்டும். கிலோவுக்குப் பதினைந்து, பதினாறு துண்டுகள் வரும். நம் வெக்கைக்கு அரைமணி நேரத்தில் பொங்கிவிடும். குளிர்நாட்டுப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் ஒரு மணி நேரம் இங்கே காத்திருந்தால் மா புளித்துவிடும். உடனே சுட முடியாதென்றால் குளிர்சாதனப் பெட்டியில் இரவு வைத்திருக்கலாம்.

சூடு முக்கியம். பாண் கடும் சூட்டில் வேகும். அந்தச் சூட்டில் சீனிப் பண்டத்தை வைத்தால் உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடும். ஆகவே விறகுப் போறணையில் பாண் இறக்கிய பிறகு, சூடு தணிந்துவரும் நேரமே இனிப்புப் பண்டத்துக்கு உகந்தது. வீட்டில் மின் போறணை இல்லாதவர்கள் நம் பாட்டிமார் கேக் சுட்டது போலச் சட்டியில் மணல் பரப்பிச் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து, மேலே தகட்டில் தணல் போட்டும் சுடலாம். மேல்தணல் கொஞ்சமாகவே இருக்கட்டும்.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

போர் முடிந்த பின்னர் வன்னியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கென வாழ்வாதாரத் திட்டங்கள் வரிசையாக வந்தன. கோழி வந்தது, ஆடு வந்தது, தையல் இயந்திரம் வந்தது. முல்லைத்தீவு மாவட்டக் கிராமமொன்றில் ஒரு தொண்டு நிறுவனம் கேக் செய்யும் பயிற்சி கொடுத்து மின் போறணைகளையும் வழங்கியது. சில மாதங்களின் பின் நான் போனபோது ஒரு வீட்டில் அந்தப் போறணைக்குள் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் அடுக்கியிருந்தன. எலி வெட்டாதாம். மின்கட்டணம் தாங்க முடியவில்லை, மா மூடையாக வாங்க முதல் இல்லை, ஐசிங் கேக் வாங்க ஊரில் எத்தனை பிறந்தநாள் வரும் என்று அந்தப் பெண் கேட்டார். சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கியது. அந்தக் கேள்விக்கு நான் எழுதிய செய்தியிலும் பதில் இருக்கவில்லை.

முதல் இல்லாத இடத்தில் கடன் நுழைந்தது. நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணை வன்னிப் பெண்களை எப்படிப் பிழிந்தது என்பது அனைவரும் அறிந்த கதை. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018 இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. நான் மேலே சொன்ன மருமகளுக்கும் அப்படியொரு வாரத் தவணை இருக்கிறது. கோழி வளர்க்க எடுத்த கடன். கோழிகள் நோயில் போயின, தவணை போகவில்லை. புதன்கிழமை காலையில் அந்த வீட்டின் படலை சத்தமிட்டால் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள்.

இவருக்கு ஒரு மூடை மா வேண்டாம், குழைக்கும் இயந்திரம் வேண்டாம், மின் போறணையும் வேண்டாம். பேக்கரிக்காரர் எப்படியும் குழைக்கப் போகும் மாவில் இரண்டு கிலோ கூடுதலாகக் குழைத்தால் போதும். பாண் இறக்கிய பின் வீணாகத் தணியும் போறணையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். விறகுக்கு மேலதிகச் செலவில்லை. இரண்டு கிலோவில் முப்பது துண்டுகள் வரும். மாலையில் தனியார் கல்வி நிலையம் விடும் நேரம் வாசலில் நின்றால் அவை விற்றுப்போகும். விற்காமல் மிஞ்சினாலும் நட்டம் இரண்டு கிலோ மாவோடு நின்றுவிடும். ஐந்து வருடக் கடனாக வளராது. உதவ விரும்பும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்கள் போறணை வாங்கி அனுப்புவதற்குப் பதிலாக, ஊர்ப் பேக்கரியில் முதல் இரண்டு மாதத்துக்கான மாவின் விலையைக் கட்டிவிட்டால் அது எத்தனையோ மேல். திறப்பு விழாப் படம் எடுக்க வாய்ப்பிருக்காது என்பதுதான் குறை.

பேக்கரிக்காரர்கள் தங்கள் வியாபாரம் கெடும் என்று அஞ்சலாம். கெடாது என்பதே என் கணிப்பு. ஓட்டோவில் பீத்தோவனின் இசையை ஒலிக்கவிட்டுக்கொண்டு ஊரெங்கும் வரும் 'சூன் பாண்' விற்பனையாளர்களால்தான் அவர்களுக்குப் போட்டி அதிகம். மாவை விற்பதும் விற்பனைதான். 2022 இல் எரிவாயுவும் மாவும் இன்றி நாடெங்கும் பேக்கரிகள் மூடப்பட்டபோது, விறகுப் போறணையைக் கைவிடாதவர்கள் எரிவாயுக் கவலையிலிருந்தாவது தப்பினார்கள். வன்னியில் பழைய போறணைகள் இன்னும் இருக்கின்றன என்பது ஒரு சொத்து. புலிகளின் நிர்வாகக் காலத்தில் பெயர்ப்பலகைகளில் ஏறிய 'வெதுப்பகம்' என்ற சொல்லும் அப்படியே பல இடங்களில் நிற்கிறது. வாயில் எல்லோருக்கும் பேக்கரிதான்.

நீரிழிவு பெருகியுள்ள சமூகத்துக்கு இன்னும் சீனி வேண்டுமா என்று மருத்துவ நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயறும் கச்சானும் சேர்ந்த உள்ளீட்டுக்கு அரைவாசிச் சீனி போதும் என்பது என் அனுபவம். இரணைமடுவின் கீழ் நெல் விளையும் மண்ணில் இறக்குமதிக் கோதுமையை ஏன் கட்டியழவேண்டும் என்பது இன்னொரு கேள்வி. இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அரிசிமா தனியே கோதுமை போலப் பொங்காது. உள்ளீட்டில் வறுத்த அரிசிமாவைச் சேர்ப்பதோடு என் சுதேசியம் இப்போதைக்கு நின்றுவிடுகிறது.

போன வாரம் அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மூத்த அம்மாதான் பேசினார். மருமகளைக் கேட்டேன்.

"அவள் போறணையடிக்குப் போட்டாள், தம்பி. பாண் இறக்கிற நேரமெல்லே. நேற்றுச் சுட்டதுக்குத் தேங்காய்ப்பூ காணாது எண்டு சொல்லிப்போட்டன். இண்டைக்கு நான்தான் திருவிக் குடுத்து விட்டனான்."