வெள்ளிக்காசுக்கு வெள்ளி விலை போதுமா?

கொங்கு நாட்டில் கிணறு வெட்டும்போதோ வரப்பைத் திருத்தும்போதோ ஒரு மண்கலயம் உடைந்து ரோமானிய வெள்ளிக்காசுகள் கொட்டினால், கண்டெடுத்தவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்? இதற்கு விடை சொல்வது 1878-இல் வெள்ளைக்கார அரசு இயற்றிய இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. உரிமை கோரி யாரும் வராவிட்டால் கண்டவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு மீதி ஒரு பங்கு. இதுவரை நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, புதையலை அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் அதிலுள்ள உலோகத்தின் விலையையும், அந்த விலையில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது. இரண்டாயிரம் ஆண்டு பழமைக்குச் சட்டம் போடும் மதிப்பு அந்த ஐந்தில் ஒரு பங்குதான். ரோமானியக் காசுகள் களவாகக் கைமாறுவதற்கும் உருக்கப்படுவதற்கும் மக்களின் பேராசையைக் குறை சொல்கிறோம். என் பார்வையில் முதல் குற்றவாளி இந்தப் பிரிவுதான்.

கணக்கைப் பார்த்தாலே புரியும். ரோமானியரின் அன்றாட வெள்ளி நாணயம் தினாரியஸ். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் அதன் எடை நான்கு கிராமுக்கும் சற்றுக் குறைவு. வெள்ளி எவ்வளவுதான் விலை ஏறினாலும் அந்த எடைக்கு எவ்வளவு தேறிவிடும்? சேகரிப்போர் சந்தையில் அதே காசு உலோக விலையைப்போலப் பல மடங்குக்குப் போகிறது. அதிலும் திபேரியஸ் மன்னரின் தலை பொறித்த காசுக்குத் தனிக் கிராக்கி. வரி செலுத்துவது பற்றிய கேள்விக்கு இயேசு கையில் வாங்கிப் பார்த்ததாக விவிலியம் சொல்லும் காசு அதுதான் என்ற நம்பிக்கை அதன் விலையை ஏற்றிவைத்திருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் மிகுதியாகக் கிடைப்பவற்றில் அதுவும் ஒன்று. ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் வெள்ளி விலையும் வருடக்கணக்கில் அலைச்சலும். வீடு தேடி வரும் வியாபாரியிடம் கொடுத்தால் அன்றைக்கே கையில் ரொக்கம். சட்டத்துக்கு அஞ்சி நடக்கிறவர் நஷ்டப்படுகிறார், மறைப்பவர் லாபம் பார்க்கிறார். இப்படி ஏற்பாடு செய்து வைத்துவிட்டுத் தகவல் வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

போனால் போகட்டும், ஒரு வெள்ளிக்காசுதானே என்று கேட்கலாம். தனிக்காசைப் பொறுத்தவரை அது சரியான கேள்விதான். அகஸ்டஸ் தன் பேரப்பிள்ளைகள் காயஸ், லூசியஸ் இருவரின் உருவத்தைப் பொறித்து, இன்றைய பிரான்சின் லியோன் நகர அக்கசாலையில் வெளியிட்ட காசுகள் கணக்கில் அடங்காதவை. உலக அருங்காட்சியகங்களின் தட்டுகளில் அவை குவிந்து கிடக்கின்றன. ஆனால் அந்தக் காசு எந்த ஊரில், எந்தக் கலயத்தில், வேறு எந்தக் காசுகளோடு கிடைத்தது என்பது ஒரே ஒரு முறை மட்டும் கிடைக்கும் செய்தி. கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தினாரியஸ்கள் ஒரே இடத்தில் கிடைத்தன. உடுமலைப் பக்கத்துப் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல். இவற்றை அன்றைய அதிகாரிகள் எண்ணி, அரசர்வாரியாகப் பிரித்து எழுதி வைத்ததால்தான் தென்னிந்தியப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளே பெரும்பான்மை என்று தெரியவந்தது. கி.பி. 64-இல் நீரோ மன்னர் தினாரியஸின் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய வெள்ளிக்காசுகள் இங்கே அரிது. நம் வணிகர்கள் மாற்றுக் குறைந்ததை ஒதுக்கிப் பழைய நல்ல காசையே கேட்டு வாங்கினார்கள் என்பது அறிஞர் பலரின் விளக்கம். மாற்றுக் கருத்தும் உண்டு. ஆனால் விவாதம் நடப்பதற்கே அந்தப் பட்டியல்கள் தேவைப்பட்டன. வெவ்வேறு அரசர்களின் முகம் பொறித்திருந்தும் தினாரியஸ்கள் எல்லாம் ஒரே எடையில் இருந்ததைக் கண்டு இலங்கை மன்னர் வியந்ததாக மூத்த பிளினி எழுதியிருக்கிறார். கதையோ நிஜமோ, காசை நிறுத்துப் பார்த்து வாங்கிய உலகம் அது என்பதற்கு நம் ஊர்க் கலயங்கள்தாம் சாட்சி. கிடைத்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்: பாலக்காட்டுக் கணவாய், நொய்யல் கரை, கொடுமணல், பச்சைக்கல் தோண்டிய படியூர், கரூர் என்று மேற்குக் கரையிலிருந்து வரும் பெருவழியே தெரிகிறது. பட்டியலில்லாமல் சிதறிப்போன ஒவ்வொரு கலயத்தோடும் அந்த வழியில் ஒரு புள்ளி அழிந்துவிட்டது.

சிதறிய காசு சந்தைக்குப் போனதும் அதற்குப் புதுப் பூர்விகம் ஒன்று எழுதப்படும். ‘தாத்தா காலத்துச் சேகரிப்பு’ என்ற மூன்று சொல் பல நேரங்களில் போதும். இது ஏதோ சந்தைக்கடைத் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். சீசரைக் கொன்ற புரூட்டஸ் அந்தக் கொலையைக் கொண்டாடி வெளியிட்ட பொற்காசு ஒன்று 2020-இல் லண்டன் ஏலத்தில் சுமார் 42 லட்சம் டாலருக்குப் போனது. ஐரோப்பியப் பிரபு ஒருவரின் பழைய சேகரிப்பிலிருந்து வந்ததாகக் காட்டப்பட்ட அதன் பூர்விகம் பொய் என்று தெரியவந்தது. ஏல நிறுவனத்தை நடத்தியவர் 2023 ஜனவரியில் நியூயார்க்கில் கைதானார். அதே ஆண்டு காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. காசு திரும்பியது சரி. அது மண்ணில் கிடந்த இடம் எது என்ற தகவல் திரும்பவில்லை.

இதற்கு மாற்றுவழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் சபோக் பகுதியில் ஹாக்ஸ்னி என்ற சிற்றூரில் 1992-இல் ஒருவர், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடப் போய் ரோமானியப் புதையலைக் கண்டார். முழுவதையும் வாரி எடுக்காமல் பாதியில் நிறுத்தித் தகவல் சொன்னார். தொல்லியலார் வந்து முறையாகத் தோண்டியதில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகளோடு அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் தடயங்களும் கிடைத்தன. கண்டவர் பெற்ற வெகுமதி பதினேழரை லட்சம் பவுண்டு. (சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) அங்கே 1996-இல் வந்த புதையல் சட்டப்படி, தனிக்குழு ஒன்று சந்தை விலையை மதிப்பிடும். அருங்காட்சியகம் விரும்பினால் அந்த விலைக்கு வாங்கும். வேண்டாமென்றால் பதிவுசெய்துகொண்டு திருப்பித் தந்துவிடும். புதையல் கணக்கில் சேராத சிறு பொருள்களைக்கூட மக்கள் தாமாகக் கொண்டுவந்து காட்டும் திட்டம் 1997-இல் தொடங்கியது. அதில் இதுவரை பதிவானவை 15 லட்சத்துக்கும் மேல். நம்மை ஆண்டபோது நமக்கு உலோக விலைச் சட்டம் எழுதிய நாடு, தன் மக்களுக்குச் சந்தை விலை தருகிறது. நாமோ அவர்கள் எழுதிக் கொடுத்ததையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சந்தை விலை கொடுத்தால் ஆளாளுக்கு மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்கள் என்பது வலுவான மறுப்பு. புதையல் வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே கிளம்பித்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கள்ளச்சந்தை விலை இன்றே கிடைக்கிறது. குறைந்த விலையால் தகவல் சொல்லவிடாமல் தடுக்கப்படுபவர் எதிர்பாராமல் கண்டெடுக்கும் விவசாயி ஒருவர்தான். தொல்லியல் மேட்டில் தோண்டியவருக்கோ அத்துமீறி நுழைந்தவருக்கோ வெகுமதி கிடையாது என்று விதி எழுதலாம். இங்கிலாந்திலும் தப்பாகத் தேடியவரின் வெகுமதி வெட்டப்படுகிறது. அரசிடம் பணம் ஏது என்பது இன்னொரு கேள்வி. எல்லாவற்றையும் அரசு வாங்க வேண்டியதில்லை. தேவையானதை எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் படம் பிடித்து, எடை போட்டு, சான்றிதழோடு திருப்பித் தரலாம். அப்படிச் சான்றிதழோடு வரும் காசுக்கு நேர்மையான சந்தையில் கூடுதல் விலை கிடைக்கும் என்பதால் கண்டவருக்கும் நஷ்டமில்லை.

வியாபாரத்தையே தடை செய்துவிடலாமே என்பவர்கள் இரா. கிருஷ்ணமூர்த்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். கரூர் அமராவதி ஆற்றுப்படுகைக் காசுகளைத் தேடி வாங்கி, படித்து, நூல்களாக வெளியிட்ட சேகரிப்பாளர் அவர். சங்ககாலப் பாண்டிய மன்னன் பெருவழுதி பெயர் பொறித்த காசு அறிஞர் உலகுக்குத் தெரிந்தது அவர் வழியாகத்தான். அவரைப் போன்றவர்கள் வாங்காமல் விட்டிருந்தால் அவற்றில் பல உருகிப் போயிருக்கும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் நூறாண்டு கடந்த காசைத் தனியார் வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதையும் வெளிநாட்டுக்குக் கடத்துவதையும்தான் தடுக்கிறது. ஆகவே சேகரிப்பைக் குற்றமாக்குவது தீர்வில்லை. வாங்குகிறவர் கிடைத்த ஊரைக் கேட்டு எழுதி வைப்பதும், பதில் மழுப்பலாக வந்தால் வாங்காமல் திரும்புவதும்தான் சேகரிப்பாளருக்கு உரிய ஒழுக்கம்.

16-ஆம் பிரிவில் உலோக விலை என்ற சொற்களை எடுத்துவிட்டுச் சந்தை விலை என்று எழுத ஒரு சிறு திருத்தம் போதும். விலையை மதிப்பிட, அரசுத் துறைக்குக் கட்டுப்படாத ஒரு குழு வேண்டும். தகவல் தந்தவருக்கு ஓராண்டுக்குள் பணம் கிடைக்கும் என்ற உறுதியும் வேண்டும். மத்திய அரசும் தமிழக அரசும் இதை அடுத்த கலயம் உடைவதற்கு முன் செய்ய வேண்டும்.