பழைய சேலைக்கு ஆயிரத்து ஐந்நூறா?



போன ஞாயிற்றுக்கிழமை ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றின் படத்தை இங்கே போட்டிருந்தேன். என் பழைய மாணவி ஒருத்தி தைத்தது. நிறையப் பேர் பாராட்டினீர்கள். விலை கேட்டவர்களுக்கு 1500 ரூபாய் என்று பதில் எழுதினேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. "பழைய சேலைக்கு ஆயிரத்து ஐந்நூறா?" என்று ஒருவர். "சேலையும் நாமே குடுக்கணும், காசும் நாமே குடுக்கணுமா?" என்று இன்னொருவர், கூடவே சிரிக்கிற பொம்மை. என் சொந்தத் தம்பி மகனே, "அத்தை, வேன்ல 600 ரூபாய்க்குப் புசுபுசுன்னு கம்பளி விக்கிறான்" என்று எழுதியிருந்தான்.

அவளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தாள். அடுத்த போர்வைக்கு நான் கொடுத்திருந்த முன்பணம் 500 ரூபாயையும், கட்டிக் கொடுத்த சேலை மூட்டையையும் திண்ணையில் வைத்தாள். "வேணாம் டீச்சர், என்னால உங்களுக்குச் சங்கடம். நான் மறுபடியும் ஏலத்தோட்டத்துக்கே போயிக்கிறேன்" என்றாள். இடுப்பு வலி தாங்காமல் தோட்ட வேலையை விட்டவள் அவள். காப்பி போட்டேன், குடிக்காமலே போய்விட்டாள்.

அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் புதுத்துணிக் கணக்கு. டல்லாஸில் இருக்கும் என் தங்கை மகள் இந்த வேலையைப் பொழுதுபோக்காகப் பழகுகிறாள். அங்கே இதற்குக் கில்ட் என்று பெயர். "பெரியம்மா, ஒரு கஜம் காட்டன் 13 டாலர். ஒரு போர்வைக்குப் பத்துக் கஜம் ஆகுது" என்று புலம்பினாள். நம் காசுக்குப் பதினோராயிரத்துக்கு மேல். கடையில் புதுத்துணி வாங்கி, அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, வெட்டியதை மறுபடி ஒட்ட வேண்டும்! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்ததோடு விடாமல், நம் ஊரில் என்ன ஆகும் என்று நானும் தேனிக்குப் போய் வாங்கிப் பார்த்தேன்.

ஒருவர் போர்த்த ஐந்தடி அகலம், ஏழரை அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலச் சதுரமாக வெட்டினால் நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய், மிஞ்சுவது ஐந்தரை அங்குலம். வெட்டிய துணியில் ஆறில் ஒரு பங்கு கண்ணுக்கே தெரியாமல் உள்ளே மறைந்துவிடும். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அகலத்துக்குப் 11, நீளத்துக்கு 16, ஆக 176 சதுரம். 44 அங்குலப் பன்னாத் துணியில் ஒரு வரிசைக்கு ஏழு சதுரம்தான் கிடைக்கும். மேல்பக்கத்துக்கு மட்டும் நாலு மீட்டர் ஆகிறது. எட்டு நிறம் வேண்டும் என்றால் நிறத்துக்கு அரை மீட்டர். அதற்குக் குறைவாகக் கிழிக்கமாட்டேன் என்றார் கடைக்காரர், அவரையும் குறை சொல்ல முடியாது. மீட்டர் 180 என்று மேல்துணிக்கு 720 ரூபாய். அடிப்பக்கத்துக்கு மீட்டர் 110 ரூபாய்த் துணி ஐந்து மீட்டர், 550. ஆக 1270 ரூபாய். நூலும், உள்ளே அடுக்கும் துணியும், தைக்கிற கையும் இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வந்து நனைத்துக் காயப்போட்டால் ஒரு நிறம் சாயம் போனது, இன்னொன்று சுருங்கியது.

துணி விலை ஏன் இப்படி என்று கேட்கிறீர்கள். 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. திருப்பூர் கதிகலங்கியது, நம் பக்கத்து நூல் மில்காரர்களும் விழி பிதுங்கினார்கள். அடுத்த வருஷம் பஞ்சு நன்றாகவே இறங்கியது. நான் வாங்கும் கடையில் துணி விலை அந்த அளவுக்கு இறங்கி நான் பார்க்கவில்லை. 2017 ஜூலையிலிருந்து துணிக்கு ஜிஎஸ்டியும் இருக்கிறது. ஆனாலும் துணி மலிவாக வேண்டும் என்று நான் கூப்பாடு போடமாட்டேன். ஆண்டிபட்டிப் பக்கம் டி.சுப்புலாபுரத்திலும் சக்கம்பட்டியிலும் தறி ஓட்டுகிற வீடுகளுக்குப் போனவள் நான். என் வகுப்பில் அந்த வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மீட்டருக்குப் பத்து ரூபாய் குறைந்தால் அது முதலில் யார் கூலியில் குறையும் என்று எனக்குத் தெரியும்.

என் கட்சி இதுதான். போர்வை தைக்கப் புதுத்துணி வாங்கக் கூடாது. இந்த வேலையே பழந்துணிக்காகப் பிறந்தது. வங்காளத்தில் காந்தா தைக்கிற பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதோடு, தைக்கிற நூலையும் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுத்திருக்கிறார்கள். நம் அம்மாமார்கள் மட்டும் என்ன? கிழிந்த சேலை தொட்டிலாகும், தொட்டில் பிள்ளைக்கு விரிப்பாகும், விரிப்பு கரித்துணியாகும். பல தடவை துவைத்த பருத்திச் சேலை இனி சுருங்காது, சாயம் போகாது, உடம்பை உறுத்தாது. கடைத்துணிக்கு அந்த மென்மை வர எட்டு வருஷம் ஆகும்.

ஆனால் பழந்துணி சும்மா கிடைக்கிறதா? என் சின்ன வயதில் டெய்லர் கடையில் போய் நின்றால் ஒரு பை நிறைய வெட்டுத்துணி கொடுத்துவிடுவார். இப்போது பாதிப் பேர் ரெடிமேட் வாங்குகிறோம். மிச்சம் இருக்கிற டெய்லர் கடைத் துண்டுகளை ஒர்க்‌ஷாப்புக்கு கிரீஸ் துடைக்கக் கிலோக் கணக்கில் எடுத்துப் போகிறார்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோவாகக் கிடைக்குமே என்பீர்கள். அது பின்னல் துணி. இழுத்தால் நீளும், சதுரம் சதுரமாக நிற்காது. நம் பீரோக்களைத் திறந்தாலும் முக்கால்வாசி பாலியஸ்டர். போன மாசம் நீங்கள் அன்போடு அனுப்பிய பதினெட்டுச் சேலைகளில் ஐந்துதான் பருத்தி. (மீதியைத் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள், வேறு பிள்ளைகளுக்குக் கட்டக் கொடுத்துவிட்டேன்.) ஆக, நல்ல பருத்திச் சேலையைத் தேடி, பிரித்து, கிழிசலைத் தள்ளி, துவைத்து, இஸ்திரி போடுவதே ஒரு முழுநாள் வேலை.

இப்போது கூலிக் கணக்குக்கு வருகிறேன். என் குற்றமும் இதில்தான் இருக்கிறது.

அவள் ஒரு போர்வைக்கு ஆறு நாள் எடுத்துக்கொள்கிறாள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை. மேல் துண்டுகளை மிஷினில் ஒட்டுகிறாள். உள்ளே அடுக்கிய சேலைகள் நகராமல் இருக்கக் கையால் ஓட்டுத் தையல், விரலுக்கு விரல் இடைவெளியில், ஏழரை அடி நீளத்துக்கும். நூல், ஊசி, மிஷின் எண்ணெய் எல்லாம் சேர்த்து 90 ரூபாய். 1500-இல் அதைக் கழித்தால் 1410. ஆறால் வகுத்தால் நாளுக்கு 235 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 336 ரூபாய். கண்மாய்க் கரையில் மண் அள்ளுவதைவிட நாளுக்கு நூறு ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு அவள் தைத்திருக்கிறாள்.

அவள் முதலில் சொன்ன விலை 1500 இல்லை. 1800. "அவ்வளவு சொன்னா யாரும்மா வாங்குவா, ஆயிரத்து ஐந்நூறு வச்சுக்கோ" என்று குறைத்தவள் நான். டீச்சர் சொல்லைத் தட்டமுடியாமல் தலையாட்டினாள். தையல் வகுப்பில் பாவாடைக்கு எத்தனை மீட்டர் துணி, எத்தனை கஜம் லேஸ் என்று கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, தைக்கிறவளுக்கு எத்தனை ரூபாய் என்று ஒரு நாளும் கரும்பலகையில் எழுதியதில்லை. "வீட்டில் இருந்தபடியே நாலு காசு பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே உங்களை வளர்த்தேன். நாலு காசு என்றால் நாலே காசு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம் போலிருக்கிறது.

நம் போடியில் இலவம்பஞ்சு மெத்தை வாங்கும்போது யாரும், "காய் மரத்திலேயே காய்க்குது, இதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்பதில்லை. ஏறிப் பறித்து, ஓடு உடைத்து, விதை நீக்கி, அடைத்துத் தைக்கிறார்கள், அதற்குக் கொடுக்கிறோம். பழைய சேலை மட்டும் எப்படி வேறாகும்? (இலவம்பஞ்சைப் போர்வைக்குள் வைக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வழுக்குகிற பஞ்சு அது, துவைத்தால் ஒரு மூலையில் திரண்டுவிடும். நெருக்கமாக நெய்த துணி இல்லாவிட்டால் பிதுங்கியும் வரும். மெத்தைக்குத்தான் அது லாயக்கு.)

அடுத்து தம்பி மகனின் 600 ரூபாய்க் கம்பளி. தாராளமாக வாங்கு ராஜா. விடியற்காலம் ஜீப்பில் கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறிப் போய், வண்டன்மேட்டிலும் உடும்பன்சோலையிலும் தோட்டத்து லயத்திலேயே தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் கம்பளிதான் கட்டுபடியாகும், மார்கழிக் குளிருக்கு அது போதும். அதை நான் இளக்காரமாகச் சொல்லமாட்டேன். ஆனால் பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. சித்திரையில் கம்பத்தில் அதைப் போர்த்திப் படுத்துப் பார், தெரியும். பானிபட்டில் மிஷினில் ஆயிரக்கணக்கில் ஓடி வருகிற சரக்கையும், ஒருத்தி ஆறு நாள் குனிந்து தைத்ததையும் ஒரே தராசில் வைக்காதே என்றுதான் சொல்கிறேன். ரெண்டில் எதையாவது வாங்கு, எதையும் வாங்காமலும் இரு. தைத்தவள் காதுபடச் சிரிக்காதே.

ஒன்று சொல்கிறேன், டல்லாஸ்காரியும் கேட்டுக்கொள்ளட்டும். உன் நாட்டிலேயே அலபாமாவில் கீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவுக்குள் ஒரு ஊர் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், காட்டு வேலைக்குப் போட்டுக் கிழிந்த கால்சட்டையையும் மாவுச் சாக்கையும் ஒட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1966-இல் அந்தப் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து கூட்டுறவு ஒன்றை ஆரம்பித்து விற்கத் தொடங்கினார்கள். 2002-இல் அவர்கள் போர்வைகளை ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவரில் மாட்டினார்கள். 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாகப் போட்டது. பதின்மூன்று டாலர்த் துணியில் பிறந்த போர்வைகள் இல்லை அவை. நம் பிள்ளை தைத்ததைச் சுவரில் மாட்டச் சொல்லவில்லை. போர்த்தினால் போதும்.

நேற்று மாலை நானே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஏறும்போதே "விலை குறைச்சது என் தப்பும்மா" என்று சொல்லிவிட்டேன். "ஐயோ டீச்சர், அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று அழுதாள். அழுது முடிந்ததும் நாங்கள் ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஆறு நாளுக்கு 336 வீதம் 2016, நூல் செலவு 90, ஆக 2106. ஆறு ரூபாயை அவளே தள்ளுபடி செய்தாள். அந்தக் கையை மட்டும் நான் திருத்தவில்லை.

ஆகவே ஒருவர் போர்வை 2100 ரூபாய். சேலை நீங்கள்தான் தரவேண்டும். பேரம் கிடையாது. ஏற்கெனவே 1500-க்கு வாங்கிய மூன்று பேருக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். மீதி 600 அனுப்புங்கள் என்று கட்டாயப்படுத்தவில்லை, என் பங்கு 600-ஐ நான் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுதினேன்.

சேலை அனுப்புகிறவர்கள் கவனிக்க: ஓரத்திலிருந்து ஒரு இழை உருவித் தீயில் காட்டுங்கள். தாள் மாதிரி எரிந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால் பாலியஸ்டர், அதை அனுப்ப வேண்டாம். ஃபால்ஸைப் பிரித்து, துவைத்து, கஞ்சி போடாமல் மடித்து அனுப்புங்கள். அம்மாவோ பாட்டியோ கட்டிய சேலை என்றால் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், அந்தத் துண்டை நடுவில் வைத்துத் தைக்கச் சொல்கிறேன். தை மாதம் வரை அவளால் ஐந்து போர்வைதான் முடியும். என்னுடையது அதில் ஒன்று. மீதி நான்கு.