ஐந்தாவது பூங்காவும் ஏக்கருக்கு ஒரு வாக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே, வோல்ட் டிஸ்னி உலகம் என்னும் உல்லாசபுரி பரந்து கிடக்கின்றது. அதன் காணி ஏறக்குறைய 25,000 ஏக்கர். கொழும்பு மாநகர சபையின் எல்லை முழுவதையும் இரண்டு முறை அதனுள் வைத்தாலும் இடம் மிஞ்சும். அங்கே இன்று நான்கு பெரும் பூங்காக்கள் உள்ளன. முதலாவது 1971 இலும், எப்கொட் 1982 இலும், திரைப்படத்துறையை வைத்து அமைத்த மூன்றாவது 1989 இலும், விலங்கினப் பூங்கா 1998 இலும் திறக்கப்பெற்றன. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஐந்தாவது தோன்றவில்லை. 2024 ஜூன் மாதத்தில் டிஸ்னி கம்பனிக்கும் அந்நிலப்பரப்பை ஆளும் சபைக்கும் இடையே புதிய உடன்படிக்கையொன்று நிறைவேறி, ஐந்தாவதற்கும் அதில் இடமுண்டு என்ற செய்தி வெளிவந்ததும், அஃது எப்போது வரும், எங்கே வரும், எந்தக் கதையைக் கருவாகக் கொண்டு வரும் என்ற ஊகங்கள் புற்றீசல்போற் கிளம்பின.

ஊகம் சொல்வதற்கு யாருக்கும் உரிமையுண்டு. நாமும் ஒன்று சொல்லத்தான் போகின்றோம். ஆனால் சட்டம் பயின்றவன் கண் உறுதியின்மேலும் எல்லைக் கல்லின்மேலுமே முதலிற் செல்லும். ஒரு காணி எவ்வளவு தூரம் விரியும் என்பதை அதன் சொந்தக்காரனின் ஆசை மட்டும் தீர்மானிப்பதில்லை. அங்கே கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பவர் யார், வெள்ளத்தை எப்பக்கம் வடியவிடுவது என்று கட்டளையிடுபவர் யார், வரி விதிப்பவர் யார் என்ற வினாக்களுக்குக் கிடைக்கும் விடையிலேயே அது தங்கியிருக்கின்றது. வாய்க்காற் கதவின் திறப்பு அயலவன் கையில் இருந்தால் வயலின் கதி என்னவாகும் என்பதை எமது விவசாயிகளுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. வோல்ட் டிஸ்னி இதனை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நன்குணர்ந்திருந்தார்.

1955 இல் கலிபோர்னியாவில் அவர் திறந்த முதற் பூங்காவைச் சுற்றிப் பிறருடைய ஹோட்டல்களும் கடைகளும் நெருங்கி முளைத்துவிட்டன. அங்கே விரிய இடமில்லை. அடுத்த இடத்தில் இத்தொல்லை கூடாதென்று முடிவுசெய்த கம்பனி, 1964 இலும் 1965 இலும் மத்திய புளோரிடாவில் இரகசியமாகக் காணி வாங்கிற்று. டிஸ்னி என்ற பெயர் வெளியில் வராதவாறு, வெவ்வேறு பெயர்களிற் பதிவான மறைமுகக் கம்பனிகள் வாங்கின. மேய்ச்சல் நிலமும் சதுப்பு நிலமுமாக 27,000 ஏக்கருக்கு மேல், சராசரி ஏக்கர் 200 டொலருக்கும் குறைந்த விலைக்குக் கைமாறின. 1965 ஒக்டோபரில் ஒர்லாண்டோப் பத்திரிகையொன்று மர்மத்தை உடைத்தது. நவம்பரில் டிஸ்னியே மாநில ஆளுநருடன் மேடையேறி உண்மையை அறிவித்தார். அதற்குள் விற்கவேண்டியவர்கள் விற்றுவிட்டனர். வாங்குபவன் தன் பெயரை மறைப்பது குற்றமாகாது என்று சட்டம் சொல்லும். விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவ்வழியே செல்லும்போது என்ன சொல்வார்களோ, அதனை நாமறியோம்.

காணியை விடப் பெரிய சம்பாத்தியம் 1967 மே மாதத்திற் கிடைத்தது. டிஸ்னி அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே இறந்துவிட்டார். எனினும் அவர் தமையனார் ரோய் டிஸ்னியின் முயற்சியால், புளோரிடாச் சட்டசபை ரீடி கிரீக் மேம்பாட்டு வட்டாரம் என்னும் தனியாட்சியை அக்காணியின்மேல் நிறுவிற்று. வீதி அமைக்கலாம், கால்வாய் வெட்டலாம், தீயணைப்புப் படை வைக்கலாம், கட்டட விதிகளைத் தானே எழுதலாம், கடன்பத்திரம் விற்று வரி அறவிடலாம், விமான நிலையம், அணுமின் நிலையம்கூட அமைக்கலாம். இத்தனை அதிகாரமும் ஐவர் கொண்ட சபையொன்றின் கையில். அச்சபையைத் தெரிந்தெடுப்பவர் யார்? காணிச் சொந்தக்காரர். எந்த முறையில்? ஏக்கருக்கு ஒரு வாக்கு. ஏறத்தாழ முழுக் காணியும் ஒரே கம்பனிக்குச் சொந்தமாயிருக்கையில் அத்தேர்தலின் முடிவை அறியச் சோதிடரிடம் போகவேண்டியதில்லை.

இவ்வதிகாரத்தைப் பெறுவதற்கு மக்கள்முன் வைத்த காரணந்தான் கவனிக்கத்தக்கது. இருபதினாயிரம் பேர் வாழும் எதிர்கால மாதிரி நகரமொன்றை அங்கே கட்டப்போவதாகச் சொன்னார்கள். எப்கொட் என்ற பெயர் அந்நகருக்கு வைத்த பெயரே. நகரம் கட்டப்படவில்லை. பெயர் மட்டும் 1982 இல் ஒரு பூங்காவுக்குச் சூட்டப்பட்டது. குடிமக்கள் வந்தால் வாக்குக் கேட்பார்கள் என்ற அச்சம் கம்பனிக்கு இருந்தது என்பது எமது துணிபு. பின்னர், 1990 களில், செலிப்ரேஷன் என்ற குடியிருப்பு ஊரை உண்மையாகவே கட்டியபோது, அந்த நிலத்தை வட்டாரத்தின் எல்லையிலிருந்து வெட்டி வெளியே விட்டுவிட்டார்கள். குடிகள் இருக்குமிடத்தில் தனியாட்சி வேண்டாம். தனியாட்சி இருக்குமிடத்தில் குடிகள் வேண்டாம்! வட்டாரத்துள் இருக்கும் இரு 'நகரங்களிலும்' 2020 குடிசனக் கணிப்பின்படி வாழ்ந்தோர் 29 பேரும் 24 பேரும் ஆவர்.

விரிவாக்கத்தின் மெய்யான வேலையைச் செய்தது வடிகாலே. பனாமாக் கால்வாய் வலயத்தின் ஆளுநராயிருந்த ஜெனரல் ஜோ பொட்டர் என்ற படைப் பொறியியலாளரை அழைத்து வந்து, 40 மைலுக்கு மேற்பட்ட கால்வாய்களை வெட்டுவித்தனர். நீர்மட்டம் உயர்ந்தால் தாமே திறந்து, தாழ்ந்தால் தாமே மூடும் மிதவைக் கதவுகள் அவற்றில் உண்டு. இவ்வேலைக்கான கடன்பத்திரங்கள் தனியார் இலாபத்துக்கா, பொது நன்மைக்கா என்ற வழக்கு 1968 இல் புளோரிடா உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. கம்பனிக்கு நன்மை கிடைப்பினும் பொது நோக்கமும் உண்டு என்று நீதிமன்றம் தீர்த்தது. அன்று அத்தீர்ப்பு மறுபுறம் சாய்ந்திருந்தால் இன்று ஐந்தாவது பூங்காவைப் பற்றி ஊகிக்க எவரும் இரார். ஆனால் நீரும் தன் உரிமையை முற்றாக விட்டுக்கொடுக்கவில்லை. சதுப்பு நிலத்தை நிரப்புவதற்கு மேலதிகாரிகளின் அனுமதி வேண்டியிருந்தமையால், 1990 களில் கிசிமி ஆற்றின் தலைப்பகுதியில் 8,500 ஏக்கர் நிலத்தை வாங்கி இயற்கைப் பாதுகாப்புக்கென ஒப்படைக்கக் கம்பனி இசைந்தது. சொந்தக் காணியிலும் மூன்றிலொரு பங்கு அளவு இயற்கையாகவே விடப்பட்டுள்ளது. ஆகவே 25,000 ஏக்கர் என்றால் 25,000 ஏக்கரும் கட்டத்தக்க நிலம் என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

இவ்வேற்பாடு 55 ஆண்டுகள் குலையாமல் நின்றது. 2022 இல், பள்ளிகளில் பாலியல் சார்பு பற்றிக் கற்பித்தலைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டமொன்றை டிஸ்னியின் அன்றைய தலைவர் பொப் சாப்பெக் பகிரங்கமாக எதிர்த்தார். ஆளுநர் ரொன் டிசான்டிஸ் சினங்கொண்டார். வட்டாரத்தையே கலைக்கும் சட்டம் சில வாரங்களில் நிறைவேறிற்று. கலைத்தால் சுமார் 100 கோடி டொலர் கடன் அயலிலுள்ள ஒரேஞ்ச், ஒசியோலா கவுண்டிகளின் வரியிறுப்பாளர் தலையில் விழும் என்ற கூக்குரல் அதன்பின் எழுந்தது. 2023 பெப்ரவரியில் கலைப்பைக் கைவிட்டு, பெயரை மாற்றி, ஐவரையும் ஆளுநரே நியமிக்கும்படி புதுச் சட்டஞ் செய்தனர்.

இனிவருவது வழக்கறிஞர் மாத்திரமன்றி யாவரும் சுவைக்கத்தக்கது. புதிய சபை பதவியேற்குமுன், பழைய சபை கம்பனியோடு ஓர் உடன்படிக்கையையும் நிலக் கட்டுப்பாட்டுப் பத்திரமொன்றையும் நிறைவேற்றி, வரும் சபையின் கைகளைக் கட்டிவிட்டது. அக்கட்டுப்பாடு எதுவரைக்கும் நிலைக்கும்? இங்கிலாந்து மன்னர் மூன்றாம் சார்ல்ஸின் வழித்தோன்றல்களில் அன்று உயிரோடிருந்தோருட் கடைசியானவர் இறந்து 21 ஆண்டுகள் கழியும்வரை! சொத்தை என்றென்றைக்கும் கட்டிவைக்கக் கூடாது, உயிரோடிருப்பவர் ஒருவரின் ஆயுளும் அதன்மேல் 21 ஆண்டுகளுமே எல்லை என்ற பழைய ஆங்கிலச் சட்ட விதிக்கு ஏற்ப, நீண்ட ஆயுளை எதிர்பார்க்கத்தக்க ஓர் அரச குடும்பத்தைத் தேடிப் பிடித்திருக்கின்றனர். மன்னராட்சியை உதறிய குடியரசில் ஒரு பூங்காவின் எதிர்காலம் மன்னர் வீட்டுத் தொட்டிலில் தொங்கவிடப்பட்டது. சட்டசபை அதனையும் செல்லாதாக்கிற்று. கம்பனி மத்திய நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2024 ஜனவரியில் தள்ளுபடியாயிற்று. மார்ச் மாதத்தில் இணக்கம் ஏற்பட்டது. ஜூனில் புதிய உடன்படிக்கை பிறந்தது.

அதன் காலம் 15 ஆண்டு. பத்து முதல் இருபது ஆண்டுகளில் 1,700 கோடி டொலர் வரை கம்பனி முதலிடும். ஐந்தாவது பெரும் பூங்கா ஒன்றும் சிறு பூங்கா இரண்டும் அமைக்கலாம். ஹோட்டல் அறைகள் ஏறத்தாழ 40,000 இலிருந்து 53,000 க்கு மேல் உயரலாம். கட்டட வேலைகளிற் பாதியேனும் புளோரிடாக் கம்பனிகளுக்குப் போகவேண்டும். 100 ஏக்கர் வரை வட்டாரத்தின் பொது வேலைகளுக்குக் கொடுக்கப்படவேண்டும். சாதாரண மக்கள் தாங்கக்கூடிய வீடுகளுக்கென ஒரு கோடி டொலர் செலவிடப்படவேண்டும்.

இதனைப் படித்தபின் எமது ஊகம் இதுதான். இந்தப் பத்தாண்டினுள் ஐந்தாவது பூங்கா திறக்கப்படமாட்டாது. 'அமைக்கலாம்' என்பது அனுமதி. 'அமைக்கவேண்டும்' என்பது கடமை. பத்திரத்தில் பூங்கா முதலாவதன் கீழேயே வருகின்றது. கம்பனியின் செயலும் அதற்கு இசைவாகவே இருக்கின்றது. 2024 ஓகஸ்டில் அறிவித்த பெரும் வேலைகள் யாவும் பழைய வேலிகளுக்கு உள்ளேயே. முதற் பூங்காவில் 1971 முதல் ஓடிய ஆற்றையும் நீராவிக் கப்பலையும் 2025 ஜூலையில் மூடி, அவ்விடத்தைக் கார்க் கதைச் சவாரிக்கு ஒதுக்கினர். விலங்கினப் பூங்காவின் டைனோசர் பகுதி வெப்பமண்டல அமெரிக்காவுக்கு வழிவிட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வெறுமையாய்க் கிடக்க, இருக்கும் ஆற்றைத் தூர்ப்பானேன்? புதிய பூங்காவுக்குப் புதிய வீதியும், வடிகாலும், ஆயிரமாயிரம் புதிய ஊழியரும் வேண்டும். பழைய பூங்காவில் இவை முன்பே உள. அதே நகரில் யுனிவர்சல் கம்பனி 2025 மே மாதத்தில் முற்றிலும் புதிய பூங்காவொன்றைத் திறந்தது உண்மை. அப்போட்டி டிஸ்னியை அவசரப்படுத்தக்கூடும். ஆனால் அவசரம் அறைகளிலேயே முதலிற் காட்டப்படும் என எதிர்பார்க்கின்றோம். விடுமுறைக் கழகத்தின் பெயரால் அறைகளை ஆண்டுக் கணக்கில் விற்கும் முறையில் கம்பனி நிலத்தை விற்பதேயில்லை, தவணையையே விற்கின்றது. பழைய கழக விடுதிகள் பலவற்றின் தவணை 2042 ஜனவரியில் ஒரே நாளில் முடிகின்றது. அன்று பெருந்தொகையான கட்டடங்கள் முழு உரிமையோடு கம்பனியின் கைக்குத் திரும்பும். அடுத்த பெரும் விரிவை அவ்வாண்டை ஒட்டித் தேடுவோர் பிழைபட மாட்டார்.

கம்பனியின் விரிவை மக்கள் தடுத்த இடங்களும் உண்டு. கலிபோர்னியாவின் மினரல் கிங் மலைப் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு நிலையம் அமைக்க முயன்றபோது சியரா கழகம் வழக்காடிற்று. வழக்காடும் தகுதி கழகத்துக்கு இல்லையென்று 1972 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. காடும் ஆறும் தம் பெயரிலேயே வழக்காட இடந்தரவேண்டுமென்று நீதியரசர் டக்ளஸ் மாறுபட்டு எழுதினார். வழக்கிற் தோற்றவர்கள் ஊரில் வென்றனர். 1978 இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. வெர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்களமொன்றின் அருகே 1993 இல் அறிவித்த வரலாற்றுப் பூங்காவும், வரலாற்றாசிரியரும் ஊராரும் எதிர்த்தமையால் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. அவ்விரு இடங்களிலும் எதிர்த்து நிற்பதற்கு ஆட்கள் இருந்தனர். ரீடி கிரீக்கில் முன்பு ஏக்கர்கள் வாக்களித்தன. இப்போது ஆளுநர் நியமிக்கின்றார். ஆளுநரின் செயலைச் சனநாயகத்தின் மீட்சி என்று கொண்டாடியோர் உளர். ஒருவன் கையிலிருந்த திறப்பு இன்னொருவன் கைக்கு மாறிற்று என்பதற்கு மேலாக அதிற் கொண்டாட என்ன இருக்கின்றது?

அங்கே எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்கின்றனர். தொழிற்சங்கங்கள் போராடி 2023 இல் குறைந்த கூலியை மணிக்கு 18 டொலராக உயர்த்துவித்தன. ஆயினும் அக்கவுண்டிகளின் வீட்டு வாடகை அக்கூலியை விழுங்குகின்றது. கிசிமி நெடுஞ்சாலையோரத்து மலிவு விடுதிகளில் வாரவாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களின் கதை திரைப்படமாகவும் வந்துவிட்டது. ஒரேஞ்ச் கவுண்டியில் 80 ஏக்கரில் 1,300 க்கு மேற்பட்ட வீடுகளுக்கு இடங்கொடுப்பதாகக் கம்பனி 2022 இல் அறிவித்தது நல்ல செயலே. ஆனால் 13,000 அறைகள் கூடுமாயின் அவற்றைக் கூட்டித் துடைப்போர் எங்கே உறங்குவர் என்ற கணக்கு எங்கே? சபையின் ஐந்து ஆசனங்களில் இரண்டையேனும் அவ்விரு கவுண்டி மக்களும் தம் வாக்கினால் நிரப்பும் உரிமை வேண்டும் என்போம். உடன்படிக்கையின் 15 ஆண்டுகள் 2039 இல் முடிகின்றன. அடுத்ததை எழுத அமரும்போதும் கம்பனிக்கு ஒன்றும் ஆளுநருக்கு ஒன்றுமாக இரண்டு கதிரைகளே போடப்படுமானால், ஐந்தாவது பூங்கா எங்கே அமையும் என்பதை அப்பகுதி மக்கள் மறுபடியும் பத்திரிகையைப் பார்த்தே அறிந்துகொள்வர்.