‘எவர்சில்வர்’ கைப்பிடி துருப்பிடிப்பது ஏன்? கொட்டேஷனில் கேட்க வேண்டிய 3 விஷயங்கள்

திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் புது ஃபிளாட்டுக்குக் குடிபோகும் அன்று பால்கனி கைப்பிடி கண்ணாடி மாதிரி மின்னும். கொஞ்ச நாளில் வெல்டிங் வைத்த இடங்களைச் சுற்றி டீக்கறை போலப் பழுப்புத் திட்டுகள் வந்துவிடும். போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டால், “ஒரிஜினல் எஸ்.எஸ். தான் சார், காந்தம் வச்சுப் பாருங்க” என்பார். காந்தமும் ஒட்டாது. ஆனா துரு நிற்காது.

‘எவர்சில்வர்’ என்ற பெயரையும் பளபளப்பையும் நம்பி வாங்குவதுதான் இங்கே சிக்கல். இந்த உலோகம் துருப்பிடிக்குமா, பிடிக்காதா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: உள்ளே என்ன கலந்திருக்கிறது, மேற்பரப்பு எப்படி இருக்கிறது, வெல்டிங்குக்குப் பிறகு என்ன செய்தார்கள். மூன்றும் எழுத்தில் இல்லாத கொட்டேஷனை ஏற்கவே கூடாது.

காக்கும் படலம்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5% குரோமியம் இருக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஒரு படலத்தை உருவாக்கும். கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் படலம் தானே வளர்ந்துவிடும். கடற்காற்றில் வரும் உப்பின் குளோரைடு இந்தப் படலத்தை ஆங்காங்கே துளைக்கிறது. துளைத்த இடத்தில் குழி விழும்.

304 கிரேடில் சுமார் 18% குரோமியமும் 8% நிக்கலும் உண்டு. 316-ல் கூடுதலாக 2 முதல் 3% மாலிப்டினம் இருப்பதால் குளோரைடை அது இன்னும் நன்றாகத் தாங்கும். 202-ல் விலை அதிகமான நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்க்கிறார்கள். விலை குறையும், தாங்கும் திறனும் குறையும். ஆனால் 202-லும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. வளைத்து நெளித்த நல்ல 304-ல் லேசாக ஒட்டவும் செய்யலாம். ஆக, காந்த டெஸ்டை வைத்து 304-ஐயும் 202-ஐயும் பிரிக்க முடியாது.

கிரேடு மட்டும் போதுமா?

போதாது. சொரசொரப்பாகத் தேய்த்த பரப்பின் பள்ளங்களில் உப்பும் ஈரமும் தங்கும். வழவழப்பாக பாலிஷ் செய்த பரப்பில் மழையே உப்பைக் கழுவிவிடும். மழை படாத கூரைக்கு அடியில் இருக்கும் பகுதியில் கறை அதிகமாக வருவதும் இதனால்தான். சாதா இரும்பைத் தேய்த்த அதே டிஸ்க்கால் இதையும் தேய்த்தால், ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள்கள் முதலில் துருப்பிடித்துக் கறையைத் தொடங்கிவைக்கும்.

அடுத்தது வெல்டிங். நுண்ணோக்கியில் பார்த்தால் உலோகம் சின்னச் சின்ன படிகங்களாக ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். சுமார் 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதிக நேரம் இருந்தால், கார்பன் குரோமியத்தை இழுத்துக்கொண்டு படிகங்களின் எல்லையில் போய்ச் சேரும். எல்லையை ஒட்டிய பகுதியில் குரோமியம் குறையும். அரிப்பு அந்த வழியாக நுழையும். கார்பனை 0.03 சதவீதத்துக்குள் வைத்த 304எல், 316எல் வகைகள் இதற்காகவே வந்தவை.

வெல்டிங் ஓரத்தில் தெரியும் நீலம், பழுப்பு நிறமும் ஆபத்துதான். அதற்கு அடியில் குரோமியம் குறைந்த அடுக்கு இருக்கும். பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலக் கலவையால் அதை நீக்கிக் கழுவினால், காக்கும் படலம் மறுபடி உருவாகும். மேலோட்டமாக பஃபிங் போட்டு நிறத்தை மட்டும் மறைத்தால், கறை திரும்ப வரும்.

வெறும் கறைதானே?

கைப்பிடியில் கறை என்றால் துடைத்துவிடலாம். எடை தாங்கும் இடத்தில் கதை வேறு. 1985-ல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் உள்ளரங்கு நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளில், குளத்துக் காற்றின் குளோரைடும் இழுவிசையும் சேர்ந்து விரிசல் உண்டாக்கியிருந்தன. பால்கனி கைப்பிடியிலும் ஆட்கள் சாய்கிறார்கள், குழந்தைகள் ஏறுகிறார்கள்.

எல்லாருக்கும் 316 கட்டுப்படியாகாது என்பது நியாயமான பேச்சுதான். கடலிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டுக்கு, சரியாக முடித்த 304 போதும். கடலோரத்தில் வேலையைச் சொதப்பினால் 316-ம் கறைபடும். அதனால் கிரேடு, மேற்பரப்பு ஃபினிஷ், வெல்டிங் சுத்தம் ஆகிய மூன்றையும் பில்டர் ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும். சந்தேகம் வந்தால் கையடக்க எக்ஸ்-ரே கருவி சில நொடிகளில் கலவையைக் காட்டிவிடும். அசோசியேஷன் சேர்ந்து கேட்டால் செலவும் பகிரப்படும்.

போட்டு முடித்த பிறகு வீட்டுக்காரர் பங்குக்கும் ஒரு வேலை உண்டு: அவ்வப்போது நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிடுவது. கம்பி நார் மட்டும் வேண்டாம்.